அப்பாவின் அறையில் மட்டும் பாட்டு நின்றுவிடுகிறது

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் தவிர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

வீட்டின் முன்பகுதி தாத்தா காலத்து நாற்சார். சுண்ணாம்புக் கல்லில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். பின்பகுதி பிற்காலத்தில் சேர்த்த கொங்கிறீட் கட்டடம். அங்கேதான் 86 வயது அப்பா படுக்கையோடு இருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு ஆசை, பகல் முழுக்கத் தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்க வேண்டும். கனடாவில் இருக்கும் மகன் சென்ற நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது வைஃபையில் பாடும் ஐந்து சோனோஸ் ஸ்பீக்கர் கொண்டுவந்து வீடு முழுக்க வைத்தார். இரண்டு அவர் பாவித்த பழைய ப்ளே:5, மூன்று புதிய எரா 100. மகன் போய் ஒரு கிழமையில் தொல்லை தொடங்கியது. முன் ஹோலில் நன்றாகப் பாடுகிறது, பின் அறையில் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மாலை ஏழு மணிக்குப் பிறகு எங்கும் விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. பழைய இரண்டும் புதியவற்றோடு சேரவே இல்லை. ரவுணில் ஒரு கடையில் 18,000 ரூபாவுக்கு இரண்டு வைஃபை ரிப்பீட்டர் வாங்கிப் பூட்டியபின் போனில் எந்த ஸ்பீக்கரும் ஒழுங்காகத் தெரிவதில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். மகன், "எல்லாவற்றையும் வித்துப்போட்டு வேற கொம்பனி வாங்குவம்" என்கிறார். அண்ணர், "சுவரை உடைச்சு வயர் இழு" என்கிறார். இவர் இன்டர்நெட் பக்கேஜைக் கூட்டலாமா என்று யோசிக்கிறார். புளூரூத்தும் வைஃபையும் ஒன்றுதானே என்றும் ஒரு கேள்வி. கடிதத்தின் கடைசி வரி: "முந்தி அப்பா தானே ரேடியோவைத் திருகிக் கேட்பார். இப்ப ஒவ்வொரு தரமும் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கு. கூப்பிடக் கூச்சப்பட்டுச் சும்மா கிடக்கிறார்."

வணக்கம் ரீச்சர்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கடைசி வரிக்காக மூன்றாந்தரமும் வாசித்தேன். இந்தப் பதிலை அதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பாட்டு நிற்பதைச் சரிசெய்யலாம், அது எனக்குத் தெரிந்த வேலை. ஆனால் எல்லாம் சரியான பிறகும் அப்பா உங்களைக் கூப்பிட்டுத்தான் பாட்டுப் போடவேண்டும் என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

முதலில் ஒரு ஆறுதல். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஐந்து ஸ்பீக்கரில் ஒன்றுகூடப் பழுதாகியிருக்க வாய்ப்பில்லை. மகன் கொண்டுவந்த பொருள் மோசமில்லை, அவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஆசையாகச் சுமந்து வந்ததை வித்துத் தள்ளச் சொல்லும் அளவுக்கு அவருக்கு மனம் நொந்திருக்கிறது.

பழையதும் புதியதும் ஏன் சேரவில்லை

சோனோஸ் கொம்பனி 2020 இல் தன் மென்பொருளை இரண்டாகப் பிரித்தது. பழைய கருவிகளுக்கு எஸ்1, புதியவற்றுக்கு எஸ்2. மகனின் ப்ளே:5 இரண்டும் 2009 இல் வந்த முதல் வகை என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. அவை எஸ்1 இல் மட்டும்தான் இயங்கும். எரா 100 எஸ்2 இல் மட்டும்தான் இயங்கும். ஒரே வீட்டில், ஒரே வைஃபையில் இரண்டும் இருக்கலாம், ஆனால் ஒரே பாட்டை ஐந்திலும் ஒன்றாகப் பாடவைக்க முடியாது. ஒரு செயலியில் மூன்று தெரிவதும் மற்ற இரண்டைச் சேர்க்க முடியாததும் இதனால்தான். எஸ்1 செயலியைப் போனில் தனியாக இறக்கிப் பாருங்கள், பழைய இரண்டும் அதில் வந்து நிற்கும்.

இது குறைபோலத் தோன்றும். உங்கள் வீட்டில் இதுவே வசதியாகப் போகிறது, பிறகு சொல்கிறேன்.

மகன் கொம்பனியை நொந்துகொள்வதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. 2024 மே மாதம் அவர்கள் வெளியிட்ட புதிய செயலியில் பழைய வசதிகள் பல காணாமல் போயின. உலகம் முழுக்க முறைப்பாடு எழுந்தது. 2025 ஜனவரியில் தலைமை அதிகாரியே மாறினார். ஆனால் உங்கள் பின் அறையில் பாட்டு நிற்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. முன் ஹோலில் நன்றாகப் பாடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செயலி பிழையென்றால் முன் ஹோலிலும் நிற்க வேண்டும்.

இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ஒரு ரவுட்டர்

நீங்கள் அனுப்பிய படங்களில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது ஸ்பீக்கர் அல்ல. முன் அறை மூலையில், இரும்பு அலுமாரிக்குப் பின்னால், நிலத்தில் வைத்திருக்கும் ரவுட்டர். பைபர் இணைப்பு அந்த மூலையால் வந்ததால் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் போகிற வீடுகளில் பாதியில் இதுதான் கதை.

வைஃபை அலை இரும்பைக் கடக்காது, தெறித்துத் திரும்பும். அலுமாரியைச் சுற்றித் தப்பி வருகிற கொஞ்சமும் ஒன்றரை அடிக் கல் சுவர் இரண்டைத் தாண்ட வேண்டும். அதற்கப்பால் கம்பி வைத்துக் கட்டிய கொங்கிறீட். வைஃபை பெரும்பாலும் இரண்டு வகை அலையில் வரும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் சுவரிலேயே பெரும்பாலும் முடிந்துபோகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் கூடத் தூரம் போகும், ஆனால் அந்தப் பாதையில்தான் அயல் வீடுகளின் வைஃபையும் போகிறது. மாலை ஏழு மணிக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுக்கும் நேரம். உங்கள் பாட்டு விட்டுவிட்டுக் கேட்பதும் அந்த நேரம்தான்.

இதைச் சோதிக்க ஆள் கூப்பிடத் தேவையில்லை. இரண்டு ரிப்பீட்டரையும் கழற்றிவிட்டு, அப்பாவின் அறை ஸ்பீக்கரை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஒரு மணித்தியாலம் பாடவிடுங்கள். பிறகு நாற்சாரின் நடு முற்றத்தை ஒட்டிய விறாந்தையில் ஒரு மணித்தியாலம். பிறகு பின் அறையில். முதல் இடத்தில் நிற்காமல் பாடினால் ஸ்பீக்கர் நல்லது. எந்த இடத்தில் நிற்கத் தொடங்குகிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் இடையில் இருக்கிற சுவர்தான் உங்கள் எதிரி.

அடுத்து ரவுட்டரை அலுமாரியை விட்டு விலக்கி, ஐந்தாறு அடி உயரத்தில் தட்டு அடித்து வையுங்கள். பைபர் வயரை நீங்களாக இழுக்க வேண்டாம். அது கண்ணாடி இழை, கூர்மையாக மடிந்தால் உள்ளே உடையும். இணைப்புத் தந்தவர்களையே கூப்பிட்டுச் செய்வியுங்கள். 2.4 இன் சனலை, அதாவது அந்த அலை ஓடும் தடத்தை, ரவுட்டர் அமைப்பில் தானாக மாறவிடாமல் 1, 6, 11 ஆகிய மூன்றில் அயலில் ஆகக் குறைவாகப் பாவிக்கிற ஒன்றில் நிறுத்துங்கள். அந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை.

ரிப்பீட்டர் ஏன் நிலைமையை மோசமாக்கியது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் வாங்கிய வகை ஒரே ரேடியோவால் கேட்டு, அதே ரேடியோவால் திருப்பிச் சொல்கிறது. அதனால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அதோடு அது வேறொரு பெயரில் இன்னொரு வைஃபையை உருவாக்கியிருக்கிறது. உங்கள் போன் அந்தப் புதுப்பெயரில், ஸ்பீக்கர்கள் பழைய பெயரில். செயலி ஸ்பீக்கரைத் தேடுவது வீட்டுக்குள் கூப்பிட்டுப் பார்ப்பதுபோல. "யார் இருக்கிறீர்கள்?" என்று போன் கேட்கிற கேள்வி பல மலிவு ரிப்பீட்டர்களைத் தாண்டி மற்றப் பக்கம் போவதில்லை. போனில் எதுவும் தெரியாமல் போனது அதனால்தான்.

ஐபோன் என்றால் இன்னொன்றும் பாருங்கள். 2020 இல் இருந்து, வீட்டு வலையில் உள்ள கருவிகளைத் தேட ஒவ்வொரு செயலிக்கும் தனி அனுமதி கொடுக்க வேண்டும். முதல் நாள் தெரியாமல் 'வேண்டாம்' என்று அமத்தியிருந்தால் செயலிக்கு ஒரு ஸ்பீக்கரும் தெரியாது.

பக்கேஜைக் கூட்ட வேண்டாம்

சிடி தரத்தில் ஒரு பாட்டுக்கு நொடிக்கு 1.4 மெகாபிட் போதும். ஐந்து அறையிலும் ஐந்து வேறு பாட்டு ஓடினாலும் ஏழுதான் ஆகும். ஒரே பாட்டென்றால் ஒரு ஸ்பீக்கர் மட்டும் வெளியில் இருந்து எடுத்து மற்றவற்றுக்கு வீட்டுக்குள்ளேயே பகிர்ந்து கொடுக்கும். உங்களுக்கு இப்போது இருப்பது 50 மெகாபிட். தண்ணீர் தாங்கி நிறைய இருக்கிறது, குழாய்தான் அடைத்திருக்கிறது. தாங்கியைப் பெரிதாக்கி என்ன செய்வது?

புளூரூத் வேறு, வைஃபை வேறு. புளூரூத்தில் பாட்டு உங்கள் போனில் இருந்து போகிறது. சராசரி பத்து மீற்றர் எல்லை. போனை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனால் அப்பாவுக்குப் பாட்டு நின்றுவிடும். வைஃபையில் ஸ்பீக்கரே பாட்டை எடுத்துப் பாடுகிறது, போன் வெறும் ரிமோட்தான்.

அண்ணர் சொல்வதில் உள்ள உண்மை

வயர் இழு என்று உங்கள் அண்ணர் சொல்வதில் பாதி சரி. எனக்குத் தெரிந்த வரையில், கல் வீட்டில் கடைசிவரை உழைப்பது வயர்தான். ஆனால் சுவரை உடைக்கத் தேவையில்லை. ஐந்து அறைக்கும் ஸ்பீக்கர் வயர் இழுத்து, ஒரே அம்பிளிபயரில் பூட்டுவதைத்தான் அவர் நினைக்கிறார். புது வீடு கட்டும்போது அது நல்ல யோசனை. அப்படிப் பூட்டிய சாதாரண ஸ்பீக்கர் முப்பது வருடமும் பாடும், மாற வேண்டியது அம்பிளிபயர் மட்டுமே. இருக்கிற நாற்சாரில், பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் தவாளிப்பு வெட்டினால் பாளம் பாளமாக விழும். அதை நான் செய்யமாட்டேன், உங்களையும் செய்யவிடமாட்டேன்.

செய்ய வேண்டியது ஒரே ஒரு நெட்வேர்க் கேபிள். ரவுட்டரில் இருந்து கூரை மரத்தின் மேலால், ஓட்டுக்குக் கீழே, விறாந்தையைக் கடந்து பின் அறைக்கு. நூறு மீற்றருக்குள் இருந்தால் போதும், உங்கள் வீட்டில் முப்பது கூட வராது. பிளாஸ்ரிக் குழாய்க்குள் விடுங்கள், எலி கடிக்கும். கேபிள் வாங்கும்போது ஒரு நுனியைக் கேட்டு வாங்கி, உள்ளே இருக்கும் கம்பியைப் பிளேட்டால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். சுரண்டிய இடமும் செம்பு நிறமாக இருந்தால் வாங்குங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும். விலை குறைவு என்று அதைத்தான் பலர் தலையில் கட்டுகிறார்கள்.

அந்தக் கேபிளின் மறுமுனையில், பின் பகுதியில், ஒரு சிறிய அக்சஸ் பொயின்ட், அதாவது வயரில் வருவதை அங்கே வைஃபையாகப் பரப்பும் பெட்டி. ரவுட்டரில் உள்ள அதே பெயர், அதே கடவுச்சொல், வேறு சனல். பழைய ப்ளே:5 இல் கேபிள் குத்தும் துளை இருக்கிறது, அதை நேரடியாகவே பூட்டலாம். எரா 100 இல் அந்தத் துளை இல்லை, தனியாக விற்கும் இணைப்பான் வேண்டும். அக்சஸ் பொயின்ட் இருந்தால் அதுவும் தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் வளவில் தனியாக நிற்கிற சின்ன வீட்டுக்கும் கேபிள் கொண்டுபோக அண்ணர் நினைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொன்றுக்கு வெளியால் போகும் செம்புக் கேபிள் இடி மின்னலை உள்ளே கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நான் திறந்து பார்க்கிற ரவுட்டர்களில் நிறைய அப்படிக் கருகியவைதான்.

மாற்றி வாங்கத்தான் வேண்டுமென்றால்

இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இந்த வலையைச் சரிசெய்யாமல் எந்தக் கொம்பனியின் ஸ்பீக்கரை வைத்தாலும் அதே அறையில் அதேபோல நிற்கும். பிறகு ஒரு நாள் மகன் வாங்க நினைத்தால் அவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். இன்டர்நெட் இல்லாத நேரம் வீட்டில் சேமித்த பாட்டைப் பாடுமா? வெளியில் இருந்து ஒரு வயர் குத்தும் துளை இருக்கிறதா? போன் இல்லாமல் கையால் அமத்தும் பொத்தான் உண்டா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று வந்தால் பேச்சைத் தொடரலாம். புளூசவுண்ட் ஸ்பீக்கர் சிலவற்றில் விருப்பமான நிலையத்தை நினைவில் வைக்கும் பொத்தான்கள் உண்டு. வீம் கொம்பனியின் சிறிய பெட்டி உங்களிடம் இருக்கிற பழைய அம்பிளிபயரையே வைஃபைக்குக் கொண்டுவரும், செலவும் குறைவு. வெளிநாட்டில் இருந்து எது வந்தாலும் பின்பக்க ஸ்ரிக்கரில் '100–240' என்று இருக்கிறதா என்று பார்த்தபின்தான் நம் 230 வோல்ற்றில் குத்த வேண்டும். '120' என்று மட்டும் இருந்தால் குத்திய கையோடு புகைதான்.

கடைக்காரர் விடயம்

நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் இந்தத் தொழிலில் இருப்பதால் சில விடயம் தெரியும். மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை என்று நினைத்துப் பேசாதீர்கள், அது எடுபடாது. நீங்கள் போய் "கல் வீடு, பின் அறைக்கு ஸ்பீக்கர் வேலை செய்ய வேண்டும்" என்று சொல்லி, அவர் இதுதான் சரி என்று தந்திருக்கிறார். வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்கு அது பொருந்த வேண்டும் என்பது 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிற விடயம். முதலில் பற்றுச்சீட்டோடு அமைதியாகப் போய் இதைச் சொல்லுங்கள். பணம் தராவிட்டாலும் அதே விலைக்கு அக்சஸ் பொயின்ட் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் அதற்கு இணங்குவார்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். நீங்கள் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது, பிந்த வேண்டாம். விசாரிக்க 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம்.

அப்பாவின் அறை

இப்போது நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன்.

கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. உங்கள் அண்ணரைச் சுற்றவிட்டு அப்பா காதைப் பெட்டியோடு வைத்திருப்பார் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அந்தச் சுற்றுகிற வேலை என்னுடையது. அப்படிக் கேட்ட மனிதருக்கு இன்று ஐந்து ஸ்பீக்கர் இருந்தும் ஒன்றைத் தானாகப் பாடவைக்க முடியவில்லை என்பது எனக்கு வலிக்கிறது. இது அவருடைய முதுமையின் பிழை அல்ல. கண்ணாடித் திரையைத் தொட்டு, மூன்று பக்கம் தாண்டிப் பாட்டுத் தேடும் வேலையை அவர் கையில் கொடுத்தது நாங்கள்தான்.

எரா 100 ஐ அவர் அறையில் இருந்து எடுத்து ஹோலுக்குக் கொண்டுபோங்கள். அப்பாவின் அறையில் பழைய ப்ளே:5 ஒன்றை வையுங்கள். அதன் பின்பக்கத்தில் வெளிவயர் குத்தும் துளை இருக்கிறது. எஸ்1 செயலியில் அந்த அறையின் அமைப்புக்குள் போனால், வயரால் ஒலி வந்தவுடன் தானாகப் பாடத் தொடங்கும் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிடுங்கள். பிறகு அவருடைய கசற் ரேடியோ, அல்லது பென் டிரைவ் குத்துகிற சின்ன எம்பி3 பெட்டி, எதுவாக இருந்தாலும் அதன் ஹெட்போன் துளையில் இருந்து ஒரு வயர். அவர் அந்தப் பெட்டியில் 'ப்ளே' யை அமத்தினால் ஸ்பீக்கர் பாடும். போன் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், உங்களைக் கூப்பிடவும் வேண்டாம். பழையது புதியவற்றோடு சேராதது இங்கேதான் வசதி, ஹோலில் யார் எதைப் போட்டாலும் அவருடைய பாட்டுக் குழம்பாது. சத்தத்தை அவரே திருகிக் கூட்டிக் குறைக்கலாம்.

தவில் என்பதால் ப்ளே:5 தான் அவருக்கு ஏற்றது என்பேன். வலந்தலையில் விரல்கூடு விழும் ஓசை எந்தச் சின்னப் பெட்டியிலும் ஓரளவு கேட்கும். தொப்பியில் கம்பு விழும்போது வருகிற அந்தக் கனத்த அடிக்குப் பெரிய பெட்டி வேண்டும். அதைச் சுவர் மூலையில் ஒட்டி வைக்காதீர்கள், அடி குழம்பும். கட்டிலில் படுத்தபடி அவர் காது இருக்கும் உயரத்தில், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி.

கரண்ட் போய் வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி, ரவுட்டர் தயாராகும் முன்பே ஸ்பீக்கர்கள் தேடிக் களைத்துவிடும். 2022 மின்வெட்டுக் காலத்தில் எல்லோரும் வாங்கிய அந்தச் சின்ன 12 வோல்ற் யூபிஎஸ் உங்கள் வீட்டிலும் எங்காவது கிடக்கும். மின்கலம் இன்னும் தாங்குமென்றால் அதை ரவுட்டருக்குப் பூட்டுங்கள். அது இல்லாத நாளில் ரவுட்டரை முதலில் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஸ்பீக்கர்களைப் போடுங்கள்.

கேபிள் இழுக்க ஆள் வர ஒரு கிழமை ஆகலாம். அப்பாவின் அறை வேலைக்குக் கேபிள் தேவையில்லை. எஸ்1 செயலியில் அந்த ஒரு அமைப்பைப் போடும் நேரத்துக்கு மட்டும் ஸ்பீக்கரை முன் ஹோலுக்குக் கொண்டுபோனால் போதும், இன்றைக்கே செய்யலாம். இரண்டு பக்கமும் 3.5 மில்லிமீற்றர் முனை உள்ள ஒரு ஓடியோ வயர் மட்டும் வாங்குங்கள். பிறகு அந்தப் பெட்டியின் 'ப்ளே' பொத்தானில் கியூட்டெக்ஸ் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். கண் தெரியாவிட்டாலும் அப்பாவின் விரலுக்கு அது தட்டுப்படும்.